மேஜர் சாரின் பாத்தியில் காய்ந்த இலை

ஹைதராபாத் உப்பலில் நாங்கள் இருக்கும் அபார்ட்மென்டில் போன மாதம் குப்பையை விலை கொடுத்து வாங்கினார்கள். மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. மேலே ஏதோ வெளிநாட்டுக் காட்டின் படம், உள்ளே சிவப்புச் சாயம் ஏற்றிய மரச்சில்லு. "மல்ச் ஆன்ட்டி. செடிக்கு அடியில போடறது. தண்ணி சீக்கிரம் காயாது" என்று எனக்கு விளக்கினார் சங்கச் செயலாளர் பிரபு. கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை, மிகவும் மரியாதையானவர். அவர் விளக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் எங்கள் கேட்டுக்கு வெளியே, புங்கமரத்தடியில் கிடந்த காய்ந்த இலைகளைக் கூட்டிக் கறுப்புப் பையில் கட்டி மாநகராட்சி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இலை வெளியே போகிறது, சில்லு உள்ளே வருகிறது. நான் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.

"ஏன் ஆன்ட்டி சிரிக்கிறீங்க?"

"நான் வேலை பார்த்ததே இதுலதான் பிரபு."

"அப்படியா? அப்ப நம்ம தோட்டக் குரூப்புக்கு ஒரு அரைப்பக்கம் எழுதிக் குடுங்களேன்."

அரைப்பக்கத்தில் அடங்காது. அதில் ஒரு மேஜர் இருக்கிறார்.

காஞ்சன்பாக் பக்கம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் குடியிருப்பில், தோட்டப் பிரிவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெயர் கற்பகம். எங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே சிகந்தராபாத்துக்கு வந்துவிட்டது. என் பேச்சில் 'வேண்டாம்' என்பதற்கு நக்கோவும் 'ஏன்' என்பதற்குக் கைக்குவும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சென்னைச் சொந்தக்காரர்கள் என்னைப் பேசவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். தோட்டக்கலை டிப்ளமோ படித்தபோது மல்ச்சிங் பற்றி எங்களுக்கு வந்தது ஒரே ஒரு பக்கம். அதிலும் பாதி, ஸ்ட்ராபெரிச் செடிக்கு வைக்கோல் பரப்பிய படம். ஸ்ட்ராபெரியை நாங்கள் ஐஸ்கிரீமில்தான் பார்த்திருந்தோம். பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனவர்களில் நானும் ஒருத்தி. அதற்குத் தமிழில் மூடாக்கு என்று அழகான பெயர் இருப்பதே வேலைக்கு வந்து வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் தோட்டக்காரர்கள் வைத்திருந்த பெயர் கச்ரா. குப்பை என்று அர்த்தம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஹோஸைத் திறந்துவிட்டால் பாத்தி நிரம்பி வழியும், வழிந்தது சாலையில் ஓடும், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பிறகு ஒவ்வொரு போர்வெல்லாகக் கையை விரித்தது. ஹைதராபாத் வெயிலைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே மார்ச் மாதமே மே மாதம்போல நடந்துகொள்ளும். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் மண்ணில் இருக்காது. மண் ஓடாக வெடித்து, அந்த வெடிப்பு வழியாக இருக்கிற கொஞ்ச ஈரமும் ஆவியாகிப் போகும். அப்போதுதான் எனக்கு அந்த ஸ்ட்ராபெரிப் பக்கம் ஞாபகம் வந்தது.

எங்கள் வளாகத்தில் புங்கமும் வேம்பும் வரிசையாக நின்றன. சிவராத்திரி தாண்டினால் இரண்டும் இலையைக் கொட்டும். வெயில் தொடங்குகிற நேரத்தில் மரமே போர்வையைக் கழற்றிக் கொடுக்கிறது. நாம் அதைத் தீ வைத்துக் கொளுத்திவிட்டு டேங்கர் லாரிக்குப் போன் செய்கிறோம். இதைப் போய்ச் சொல்ல வேண்டிய இடம் எஸ்டேட் ஆபீசர். அந்த நாற்காலியில்தான் மேஜர் சார் இருந்தார்.

குடியாத்தத்துக்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். சைனிக்புரியில் வீடு. விடிந்ததும் ஜீப்பில் வந்து இறங்குவார். சட்டையின் கைமடிப்பில் காகிதம் வெட்டலாம். வளாகத்தை ஒரு சுற்று நடப்பார். நடக்கும்போது கீழே ஓர் இலை கிடந்தால் அவரால் தாண்டிப் போக முடியாது. குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மற்றவர்கள் முன்னால் எங்களைத் திட்டுவதும் இல்லை. அந்த இலையே திட்டு. சுற்று முடியும்போது பை புடைத்திருக்கும். கோபம் எவ்வளவு என்பதை நாங்கள் பையைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

அவருடைய பாத்திகளில் மண் சீப்பு போட்டு வாரியதுபோல இருக்க வேண்டும். "மண்ணு தெரியணும்மா கற்பகம். மண்ணு தெரிஞ்சாதான் தோட்டம். இல்லன்னா அது காடு" என்பார். மற்றவர்கள் எதிரில் ஆங்கிலம், தனியாக இருந்தால் தமிழ். அவர் தமிழில் பேசினால் வேலை கொஞ்சம் நடக்கும் என்று அர்த்தம். அதனால் தனியாக இருக்கும்போதுதான் கேட்டேன்.

"சார், இந்த இலையையெல்லாம் கொளுத்தாம பாத்தி மேலயே பரப்பினா தண்ணி பாதி மிச்சமாகும்."

"பெருக்கி எடுத்த குப்பைய மறுபடி போடணும்ங்கற."

"ஹவ் சார்." ஆமாம் என்பதை நான் அப்படித்தான் சொல்வேன்.

அந்த வாரம் டேங்கர் ஒழுங்காக வந்திருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். விருந்தினர் விடுதிக்குப் பின்பக்கம், சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரே ஒரு குரோட்டன்ஸ் பாத்தியைச் சோதனைக்குக் கொடுத்தார். அதற்கும் நிபந்தனை உண்டு. வேப்பிலையையும் புங்க இலையையும் கலக்கக் கூடாது. ஒரு பக்கம் முழுக்க வேம்பு, மறு பக்கம் முழுக்கப் புங்கம். விளிம்பு நூல் பிடித்தாற்போல இருக்க வேண்டும். உலகத்திலேயே யூனிஃபார்ம் போட்ட மூடாக்கு எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

இந்த நிபந்தனையை யாதம்மாவிடம் சொல்லும் வேலை எனக்கு. யாதம்மா ஒப்பந்தத் தோட்டக்காரர்களில் மூத்தவர். கணவர் இல்லை, மகளோடு இருந்தார். அவருடைய பெருக்குமாறு போன இடத்தில் எறும்புகூட நின்று யோசிக்கும். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டுத் தெலுங்கில் ஒன்றுதான் கேட்டார்: "ஆக்குலு ஏரேதி மேமே, மள்ளி வேசேதி மேமே?" இலையைப் பொறுக்குவதும் நாங்களே, மறுபடி போடுவதும் நாங்களேவா என்று. தேள் வரும் என்று ஒருமுறை சொன்னார், கரையான் வரும் என்று ஒருமுறை சொன்னார். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, வேம்பைத் தனியாகவும் புங்கத்தைத் தனியாகவும் பிரித்தார். பிரிக்கும்போது மேஜர் சாரைப் பற்றி அவர் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

பிரபு கேட்டதற்காக முறையை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். முதலில் களையை வேரோடு எடுக்க வேண்டும். மூடினால் செத்துவிடும் என்று நம்பி விடக் கூடாது, அது செடியைவிட நன்றாக வளரும். பிறகு மண்ணை மேலாகக் கிளறிவிட்டு, அடி வரை இறங்கும்படி தண்ணீர் விட வேண்டும். காய்ந்த மண்ணின் மேல் இலையைப் போட்டால் வறட்சியைத்தான் பத்திரமாக மூடி வைத்திருப்போம். நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினால் போதும். தேக்கு இலை மாதிரி பெரியதாக இருந்தால் கிழித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் தட்டு கவிழ்த்ததுபோல நின்று தண்ணீரை உள்ளே விடாது. வெட்டிய புல்லைப் பச்சையாகக் குவித்தால் சூடேறி நாறும். காயவைத்துத்தான் போட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், தண்டை ஒட்டி இலை இருக்கக் கூடாது. செடியின் கழுத்தைச் சுற்றி ஒரு டபரா வைக்கிற அளவு இடம் விட வேண்டும். கழுத்து வரை போர்த்தினால் செடிக்கும் மூச்சு முட்டும், தண்டு அழுகும்.

ஒன்றை மட்டும் எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை. காற்று. நாங்கள் நூல் பிடித்து வைத்த வேப்பிலை மறுநாளே பறந்து, ஆவக்காய் ஊறுகாய் போடுவதற்காகக் குடியிருப்பு மொட்டை மாடியில் காயவைத்திருந்த மிளகாய்த் தட்டுகளில் போய் இறங்கியது. ஆவக்காய் விஷயத்தில் ஆந்திரா, தெலங்கானா இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று அன்று தெரிந்தது. புகார் நேரே மேஜர் சாரிடம் போனது. அவர் சட்டைப்பையில் இருந்ததெல்லாம் வேம்பு. அதற்குப் பிறகு இலை மேல் தண்ணீர் தெளித்து, கையால் அழுத்தி, மேலே மெல்லிய குச்சிகளைக் குறுக்காகப் போட ஆரம்பித்தோம். பறப்பது நின்றது.

கொஞ்ச நாளில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. முன்பக்கத்துச் சுத்தமான பாத்திகளில் செடிகள் பத்து மணிக்கே தலையைத் தொங்கப்போட்டன. பின்பக்கத்துக் குரோட்டன்ஸ் மாலை வரை விறைப்பாக நின்றது. மேஜர் சார் தினமும் மதியம் சாப்பிட்டதும் அந்தப் பாத்தியைப் பார்க்கத் தனியாகப் போக ஆரம்பித்தார். நான் பூரித்துப் போனேன். மனிதர் வாய் விட்டுச் சொல்லாவிட்டாலும் கச்ராவில் மனம் வைத்துவிட்டார் என்று வீட்டில்கூடச் சொன்னேன்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் விடுதிக்குப் பின்னாலிருந்து புகை வந்தது.

வேறு இடமாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் முடிந்திருக்கும். எங்கள் இடத்தில் புகை என்றால் சைரன். தொழிற்சாலைக்குள்ளிருந்து தீயணைப்பு வண்டிகள் வந்தன. ஹெல்மெட் அணிந்த வீரர்கள் ஓடிவந்து, ஒரு குரோட்டன்ஸ் பாத்தியைச் சுற்றி வளைத்து அணைத்தார்கள். அந்த ஆண்டு அந்தப் பாத்திக்குக் கிடைத்த மிக நல்ல தண்ணீர் அதுதான். செடிகளில் பாதி கருகிவிட்டன, மூங்கில் தட்டி ஒன்று எரிந்தது. யாருக்கும் அடி இல்லை.

ஆனால் விசாரணை வந்தது. பாதுகாப்புப் பிரிவினர் அந்தப் பக்கம் வேலை செய்தவர்களைச் சோதித்தார்கள். யாதம்மாவின் புடவை முந்தானையில் முடிந்திருந்த தீப்பெட்டி வெளியே விழுந்தது. கொட்டகையில் டீ போடும் அடுப்புக்காக அவர் வைத்திருந்தது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும், நாங்கள் எல்லோரும் அந்த டீயைக் குடித்தவர்கள்தான். அவருடைய நுழைவு அனுமதி அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பீடி பிடித்து இலையில் போட்டிருப்பார், வேலையிலிருந்து நிறுத்தலாம் என்று எழுதி எஸ்டேட் ஆபீசரின் கையெழுத்துக்கு அனுப்பினார்கள். கூடவே, வளாகத்தில் எங்கும் காய்ந்த இலை பரப்பக் கூடாது என்றும் ஒரு வரி.

விசாரணை முடியும் வரை யாதம்மாவை வாசலில் பெயர் எழுதி உள்ளே விட்டார்கள். மறுநாள் நானும் அவருமாக எரிந்த பாத்தியைக் கொத்தினோம். அவர் மகளுக்கு அந்த வருடம் நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது என்பது எனக்குத் தெரியும். செங்கல் விளிம்பை ஒட்டி நான் மண்வாரியைப் போட்டேன். சிகரெட் ஃபில்டர் ஒன்று மேலே வந்தது. பக்கத்தில் இன்னொன்று. தள்ளி இன்னொன்று. பழசு, புதுசு எல்லாமே ஒரே பிராண்டு. எல்லாம் விரல் ஆழத்தில், நிமிர்ந்த வாக்கில், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி விட்டு நாற்று நட்டதுபோல இருந்தன.

யாதம்மா அந்த வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஈ பனி எவரிதி மேடம்?" யார் வேலை இது என்றார்.

"தெரியலையே யாதம்மா" என்றேன்.

இந்த வளாகத்தில் சிகரெட் துண்டைக்கூட வரிசையாகப் புதைக்கிறவர் ஒருவர்தான். இதய டாக்டர் அவரைப் புகைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததும், வீட்டில் அவர் மனைவி கௌரி அம்மா காவல் காத்ததும் ஊருக்கே தெரியும். அவர் மதியம் பார்க்கப் போனது என் மூடாக்கை இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு அவருடைய அறைக்குப் போனேன். என் வருடாந்திர மதிப்பீட்டை எழுதுகிற கை அவருடையது. படியேறும்போது அது நன்றாக நினைவிருந்தது.

"உக்காரும்மா. யாதம்மா விஷயம்னா பேச வேணாம். செக்யூரிட்டி எழுதிட்டாங்க. நான் வெறும் கையெழுத்துதான்."

"போட்டாச்சா சார்?"

"இன்னும் போடல."

"பாத்தியக் கொத்தினோம் சார். இது கிடைச்சது." காகிதத்தை மேஜையில் பிரித்து வைத்தேன். "அவங்க பீடின்னு எழுதியிருக்காங்க. பீடிக்கு ஃபில்டர் கிடையாது."

காகிதத்தில் தாறுமாறாகக் கிடந்த துண்டுகளை அவருடைய சுட்டுவிரல் ஒவ்வொன்றாக நகர்த்தியது. ஒன்றின் பக்கத்தில் ஒன்று, ஒரே இடைவெளியில். வரிசை முடிந்த பிறகுதான் தன் விரல் என்ன செய்கிறது என்பதை அவரே பார்த்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"நானும் யாதம்மாவும் கொத்தினோம். யாருதுன்னு அவங்களுக்குத் தெரியாது."

"உனக்கு?"

"வரிசையா இருந்தது சார்."

அவர் காகிதத்தின் ஓரத்தை நேராக்கினார்.

"வெளிய கெடந்தா அசிங்கமா இருக்கும்மா. எப்பவுமே மண்ணுல அழுத்திப் பொதச்சிடுவேன். அணைஞ்சிடும். இத்தன நாளா அணைஞ்சுதே."

"இப்ப அங்க மண்ணு தெரியல சார்."

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. வாயில் வந்தது அதுதான். அவர் உதடு ஒரு பக்கம் கோணியது. அது சிரிப்பா வலியா என்று எனக்கு இன்று வரை தெரியாது. தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாத காகிதத்தோடு எழுந்து பொது மேலாளரின் கட்டடத்துக்கு நடந்தார். ஜீப்பைக் கூப்பிடவில்லை.

இதை எழுதலாமா என்று போன வாரம் அவருக்குப் போன் செய்து கேட்டேன். "தாராளமா எழுது. என் பேரப் போடாத. பிராண்டு பேரையும் போடாத, இலவச விளம்பரமாயிடும்" என்றார். பொது மேலாளரிடம் என்ன சொன்னீர்கள் என்று அப்போது கேட்காததையும் கேட்டேன். "நெருப்பு நான் வெச்சதுன்னு சொன்னேன். இலையப் போட்டது யாரு யோசனைன்னு கேட்டாரு. அதுவும் என்னுதுன்னு சொல்லிட்டேன். ஒரே ஃபைல்ல முடிஞ்சுதில்ல?" என்றார். ஆக, மூடாக்கைக் கண்டுபிடித்த பெருமை அரசாங்கக் காகிதத்தில் அவருக்குத்தான் இருக்கிறது.

அவருக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. யாதம்மாவின் அட்டை அன்று மாலையே திரும்பி வந்தது. இலைக்குத் தடை வரவில்லை. அதற்குப் பதிலாக மேஜர் சார் ஒரு நடைமுறையே வகுத்தார். நடைபாதையை ஒட்டிச் சரளைக்கல் பட்டை, மணல் வாளி, காலையும் மாலையும் தெளிப்பு, கட்டடங்களின் பக்கம் இலைக்குப் பதில் மட்கிய எரு. வேம்பையும் புங்கத்தையும் பிரிக்க வேண்டியதில்லை என்றும் அதில் இருந்தது. அந்தக் கோடையில் வளாகத்தின் பெரும்பாலான பாத்திகள் பிழைத்தன. முன்பக்கத்து ரோஜாக்களை மட்டும் காப்பாற்ற முடியவில்லை, அவற்றுக்கு இலை போய்ச் சேர்வதற்குள் வெயில் கருக்கிவிட்டது. கண்டனத்தைப் பற்றிக் கௌரி அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எனக்குப் போன் செய்து, "எங்க ஊர்ல இதுக்கு மூடாக்குன்னு பேரு கற்பகம். இவ்வளவு நல்லதுன்னு எனக்கே தெரியாம போச்சு" என்றார். அந்தப் பெயர் எனக்கு வந்த வழி அதுதான்.

அட்டை திரும்பி வந்த மறுநாள் காலை மேஜர் சார் தோட்டக் கொட்டகைக்கு வந்தார். வழக்கமான சுற்றுக்கு அல்ல.

"தெலுங்குல, தப்பு என்னுதுன்னு எப்படிம்மா சொல்றது?"

இத்தனை வருடம் ஹைதராபாத்தில் இருந்தும் அவருடைய தெலுங்கு 'நீளு'வைத் தாண்டவில்லை. தண்ணீர் என்று மட்டும் சொல்லத் தெரியும்.

"தப்பு நாதி, சார்."

"தப்பு நாதி" என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். விடுதிக்குப் பின்பக்கம் நடந்தோம். யாதம்மா எரிந்த பாத்திக்குப் புது இலை போட வந்திருந்தார். நனைத்த இலையைப் பெரிய தார்ப்பாயில் குவித்து, தனியாக இழுத்துப் பார்த்து, அது நகராததால் நின்றுகொண்டிருந்தார். மேஜர் சார் அவர் எதிரில் போய் அட்டென்ஷனில் நின்றார்.

"யாதம்மா. தப்பு நாதி."

யாதம்மா அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அந்த வரிசையை அவரும்தானே பார்த்தவர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சொன்னார்:

"சரே சார். ஜர கா கொன பட்டுண்ட்ரி."

"என்னம்மா சொல்றா?"

"சரிங்கறாங்க சார். கொஞ்சம் அந்த முனையப் புடிக்கச் சொல்றாங்க."

மேஜர் சார் தார்ப்பாயைப் பார்த்தார். ஈர இலை, மண், அதில் ஊர்கிற என்னென்னவோ. சட்டையின் கைப்பொத்தானை அவிழ்த்து முழங்கை வரை சுருட்டினார். குனிந்து இரண்டு கையாலும் முனையைப் பிடித்தார். யாதம்மா இந்தப் பக்கம் பிடித்துத் தூக்கினார். அவர் வேகமாக நடக்கிறவர், வழி தெரிந்தவர். அதனால் மேஜர் சார் பின்னோக்கி நடக்க வேண்டியிருந்தது. தார்ப்பாயின் தண்ணீர் அவருடைய பளபளக்கும் ஷூக்களில் ஒழுகியது. விடுதி மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்த அதிகாரிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். "மெல்லக, சார், மெல்லக" என்று யாதம்மா சொல்லிக்கொண்டே போக, அவர் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்துப் போனார்.